ஏறும்போது கேட்கும் இடம்

பல்லார்ட் பியர், மூன்றாம் மாடி, ஒன்பது பத்து.
சிவப்பு ஸ்விட்சைத் தட்டுகிறேன்.
மின்விசிறி இருமுகிறது, ஹார்ட் டிஸ்க் சோழி உருட்டுகிறது.
கறுப்புத் திரையில், நான் எழுதிவைத்த கோப்பு
ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

மௌஸ் வந்தது.
மராத்தி விசைப்பலகை வந்தது.
நெட்வொர்க் வந்தது, வழக்கம்போல மூச்சிரைக்க.
கடைசியாகச் சுலபாவின் கடிகாரம்.

வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு
வெளியே போகாமல்
உள்ளேயே ஓரமாக உட்கார்ந்துகொள்ளும் ரகம் இவை.
வேறு ஏதோ புரோகிராமில் நான் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருப்பேன்.
ஒரு விசையில் விரல் பட்டால் போதும்,
அடியில் யாரோ நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிவார்கள்.

கடிகாரத்தை எழுதியவள் சுலபா காட்கே.
கணபதி விடுமுறையில், ஆளில்லாத ஆபீசில்,
அசெம்பிளியில், மூன்று நாள்.
திரையின் வலது மூலையில் எட்டே எழுத்து.
அவள் மஸ்கட் போய் ஒன்றரை வருடமாகிறது.

சுங்கத்துக்கான புதுப் புரோகிராம் இரண்டு ஃபிளாப்பியில் வந்தது.
வந்த அன்றே மெமரி போதாது என்று படுத்துவிட்டது.
அறுநூற்று நாற்பதில்
என்னிடம் மிச்சம் ஐந்நூற்று முப்பத்தொன்று.
அதற்கு வேண்டியது ஐந்நூற்று முப்பத்தாறு.

"சுவரில் ஒன்று, என் கையில் ஒன்று,
ஸ்டேஷனில் ஒன்று. எத்தனை மணிதான் வேண்டும் உனக்கு?
அதைத் தூக்கு" என்றார் பட்லிவாலா.

அந்த வரியின் தலையில் ரெம் என்று போட்டேன்.
அழிக்கவில்லை.
வரி இருக்கும். கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான்.
புரோகிராம் ஓடியது.
பல் விழுந்த குழிக்கு நாக்கு போவதுபோல
நாள் முழுக்க என் கண் அந்த மூலைக்குப் போய் வந்தது.
சாயங்காலம் ஆறு பன்னிரண்டு ஸ்லோவைத் தவறவிட்டேன்.

மறுநாள் சயானில் ஏறும்போதுதான் பிடிபட்டது.
எனக்கு முன்னால் ஒருவன்,
டிபன் கேரியரும் கிரிக்கெட் பையும் குடையுமாக,
ஏறுவதற்கு நான்கு ஆள் இடம் கேட்டான்.
ஏறிப் பையை மேலே பலகையில் எறிந்ததும்
முக்கால் ஆளாக ஒடுங்கிப்போனான்.
கடைசியில் வந்திருந்தால் அவனுக்கு நடைமேடைதான்.

நெட்வொர்க்கும் அப்படி.
தங்குவதற்குக் கேட்பது கொஞ்சம்,
நுழைவதற்குத்தான் அத்தனை.
அறுநூற்று நாற்பதுக்கு மேலே ஒரு பரண் இருக்கிறது.
மௌஸ் முதலில் போய் அங்கே காலை நீட்டிவிட
இது இத்தனை மாதமும் கீழேயே நின்றிருக்கிறது,
பதினாலு கே இடத்தை அடைத்துக்கொண்டு.

வரிகளை மாற்றிப் போட்டேன்.
முதலில் நெட்வொர்க், பரணுக்கு.
அது ஏறிச் சுருங்கியபின் மௌஸ்.
இடுக்கில் விசைப்பலகை.
பிறகு ரெம்மை எடுத்தேன்.

பட்லிவாலா வந்தார், திரையைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல்
தன் கைக்கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டார்.

மூன்று மணிக்கு மழையில் கரண்ட் போனது.
தங்குபவை என்று பெயர்தான்.
ஒரு நொடியில் உள்ளே ஒருவரும் இல்லை.
கரண்ட் வந்ததும் கோப்பு முதல் வரியிலிருந்து,
அலுப்பில்லாமல், மறுபடி பெயர் சொல்லி.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
அந்தக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும்.
பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.
அவள் விட்டுப்போன மூலக்கோப்பைத் திறந்தால்
நான்கைக் கூட்டும் வரிக்குப் பக்கத்தில்
ரோமன் எழுத்தில், மராத்தியில், ஒரு குறிப்பு:
வி.டி.க்குப் பதினோரு நிமிட நடை.
லிஃப்ட் வராவிட்டால் பதினைந்து.